குளிக்கலாம் என்று சொன்னது நான்தான்

எங்கள் தூத்துக்குடியில் பாளையங்கோட்டை ரோட்டில் ஒரு பேனர் தொங்குகிறது. ‘மூக்கு வளைவா? காலையில் வாருங்கள், மாலையில் வீடு திரும்புங்கள். வலி இல்லை, பஞ்சு இல்லை, தழும்பு இல்லை’ என்று போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரியின் படம். அந்த மூக்கு இந்த ஊரின் உப்பளக் காற்றையும் துறைமுகத்து லாரிப் புழுதியையும் ஒரு நாள்கூட இழுத்திருக்காது. தழும்பு இல்லையாம். இந்த ஆபரேஷனில் என்றைக்குத் தழும்பு இருந்தது? வெட்டுவதே மூக்குக்கு உள்ளே. இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்லி ஆள் பிடிப்பதற்கு ஒரு பேனர்.

அந்தப் பேனர் ஏறிய வாரம்தான் என்னோடு வேலை பார்த்த நர்சுகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமாம்.

“அக்கா, இருபத்தாறு வருசம் இ.என்.டி. தியேட்டர்ல இருந்திருக்கிய. படிக்கிறவங்களுக்கு ஊக்கமா நாலு பக்கம் எழுதிக் குடுங்க” என்றார்கள்.

ஊக்கம் வேண்டுமென்றால் சத்துமாவு டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கட்டும். நான் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

முதலில் விஷயம். மூக்கின் இரண்டு துளைகளுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. முன்பாதி குருத்தெலும்பு, பின்பாதி எலும்பு. நடுத்தண்டு என்று சொல்லுவோம். குண்டூசி மாதிரி நேரான நடுத்தண்டு உள்ள மனிதரை நான் அதிகம் பார்த்ததில்லை. இடமோ வலமோ கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். அது நோய் இல்லை. மூச்சு போகாத அளவுக்கு வளைந்து, சளி கட்டி, மனிதர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கும் நிலை வந்தால்தான் கத்தி. இப்போது தும்மினால் ஸ்கேன், குறட்டை விட்டால் கத்தி என்று ஆகிவிட்டது.

பாளையங்கோட்டையில் நர்சிங் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. படுக்கை விரிக்கவும் பெரிய டாக்டர் வந்தால் எழுந்து நிற்கவும் கற்றுக்கொடுத்தார்கள். மற்றதெல்லாம் வேலைக்கு வந்த பிறகு ஏச்சு வாங்கிக் கற்றது. எனக்குச் சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். அப்பாவுக்குக் கருப்பட்டி வியாபாரம். கடலைத் திருச்செந்தூர் கோயிலுக்குப் போகும்போது பார்த்ததோடு சரி. தூத்துக்குடியில் வேலை கிடைத்தபோது கடற்கரை ஊருக்கு வந்துவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையில் வந்தது ஜன்னல் இல்லாத ஓர் அறைக்குத்தான். அந்த அறையிலேயே இருபத்தாறு வருடம் போயிற்று.

அந்த அறைக்கு ராஜா எங்கள் சீஃப். பெயர் வேண்டாம். அவர் கையைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். நானும் எத்தனையோ கைகளைப் பார்த்தவள்.

மரத்துப்போகும் மருந்தில் நனைத்த நாடாத் துணியை முதலில் இரண்டு துளையிலும் அடுக்கிப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பாதி டாக்டர்களுக்கு அந்தப் பத்து நிமிடம் பொறுக்காது. ஐந்தாவது நிமிடத்தில் ஊசியை எடுப்பார்கள், ஆள் துள்ளுவார், நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவிடுவார்கள். சீஃப் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடமும் நிற்பார். பிறகுதான் ஊசி. மருந்து சரியான இடத்தில் இறங்கினால் சவ்வு வெளுத்து உப்பும். அதன்பின் இடப்பக்கம் ஒரு சிறிய வெட்டு. அதன் வழியே மழுங்கிய முனையுள்ள எலிவேட்டர் என்ற கருவியை விட்டு, குருத்தெலும்பின் மேல் ஒட்டியிருக்கும் சவ்வை உரிக்க வேண்டும். அவித்த முட்டையின் ஓட்டுக்கு உள்ளே இருக்கிற தோலைக் கிழியாமல் எடுப்பது மாதிரியான வேலை. ஒரு பக்கம் கிழிந்தால் ஆறிவிடும். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் கிழிந்தால் நடுவில் ஓட்டை விழும். அந்த ஆள் மூச்சு விடும்போதெல்லாம் மூக்கு விசில் அடிக்கும். சீஃப் கையில் அப்படி ஒன்றுகூட நான் பார்த்ததில்லை.

சவ்வை விலக்கிய பிறகு, வளைந்த துண்டை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். முன்பக்கமும் மேல்பக்கமும் ஒரு விரல் அகலம் விட்டுவைக்க வேண்டும். மூக்கின் கூரையைத் தாங்குவது அதுதான். அடியில் எலும்பு முள்ளாக நீட்டியிருந்தால் உளியும் சுத்தியலும். ஆமாம், சுத்தியல்தான், ஆள் விழித்திருக்கும்போதே. வலி தெரியாது. சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்கும். கடைசியில் சவ்வைப் பழையபடி ஒட்டவைத்து, தையல் போட்டு, களிம்பு தடவிய நாடாத் துணியை இரண்டு பக்கமும் திணிப்போம். இதற்குப் பேக் என்று பெயர். இரண்டு நாள் வாயால்தான் மூச்சு.

பேக் எதற்கென்றால், உரித்த சவ்வுக்கும் தண்டுக்கும் நடுவே ரத்தம் தேங்கக் கூடாது. குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது. சவ்விடம் வாங்கித்தான் பிழைக்கிறது. நடுவில் ரத்தம் தேங்கினால் சில நாளில் செத்துக் கரைந்துவிடும், மூக்கு நடுவில் குழிந்துபோகும். அதனால்தான் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவருக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று சொல்லி அனுப்புவது அந்த ஆபரேஷனில் பாதி. அந்தப் பாதியை எந்த டாக்டரும் செய்து நான் பார்த்ததில்லை. அது எங்கள் தலையில்தான்.

கை அப்படி இருந்தது. வாய்தான் வேறு. சீஃப் வேலை செய்யும்போது கையை நீட்டுவார், என்ன வேண்டும் என்று சொல்ல மாட்டார். தவறான கருவியை வைத்தால் திட்டவும் மாட்டார். திரும்பிப் பார்க்காமலே விரல்களைத் திறந்து அதைத் தரையில் விழவிடுவார். புதிதாக வந்த நர்சுகள் அந்தச் சத்தத்துக்கு அழுவார்கள். நோயாளியோடு அவர் பேசி நான் பார்த்ததில்லை. மூக்கோடுதான் அவருக்குப் பேச்சு. ஓ.பி.யில் எதிரே உட்கார்ந்தவர் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் ஸ்பெகுலம் மூக்குக்குள் போயிருக்கும். மூக்கைப் பிளந்து வைத்திருக்கும்போது எவன் பேசுவான்?

கேட்காததால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். ஏரலிலிருந்து கடைக்கார அண்ணாச்சி ஒருவர் தன் மகனை அழைத்து வந்தார். பையனுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகப்போகிறது. மூக்கு வெளியிலேயே கோணல். “நிமித்திக் குடுத்துருங்க டாக்டர்” என்றார். சீஃப் ஸ்பெகுலத்தை விட்டுப் பார்த்தார், உள்ளேயும் வளைவு இருந்தது, ஆபரேஷன் போட்டார். எதை நிமிர்த்தச் சொல்கிறார்கள் என்று அவரும் கேட்கவில்லை, எதை நிமிர்த்துகிறோம் என்று சொல்லவும் இல்லை. மூன்று வாரம் கழித்து அண்ணாச்சி மகனை இழுத்துக்கொண்டு வந்து நின்றார்.

“என்ன சிஸ்டர் இது? போகும்போது இருந்த மாதிரியே இருக்கு.”

“உள்ள தண்டு நேராயிட்டு அண்ணாச்சி.”

“உள்ள யாரு பாக்கப் போறா? பொண்ணு வீட்டுக்காரன் டார்ச்சா கொண்டு வாரான்?”

“மூச்சு இப்பம் நல்லாப் போவுதுல்லா?”

“மூச்சா? அது முன்னாலயும் விட்டுக்கிட்டுத்தானே இருந்தான்!”

இதில் சிரிப்பதற்கு இடம் இருந்தது. அடுத்ததில் இல்லை.

லாசர் கடலோரத் திரேஸ்புரத்துக்காரர். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். ஓ.பி. சீட்டில் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. சீட்டு எழுதும் கிளார்க், சட்டை கசங்கியிருந்தால் ‘கூலி’ என்று எழுதிவிடுவார். லாரி டிரைவருக்கும் கூலி, உப்பளத்துப் பெண்ணுக்கும் கூலி. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கைலியோடு வந்து அவரும் கூலி ஆனார். லாசரும் கூலி.

“வலது காது திறக்க மாட்டேங்கு டாக்டர். நெத்தியில கத்தியச் சொருவுன மாதிரி…” என்று ஆரம்பித்தார். ஸ்பெகுலம் போய்விட்டது.

“வலப்பக்கம் நல்ல வளைவு. அடியில முள். போட்டுரலாம்” என்றார் சீஃப், என்னிடம்.

காது எப்போது திறக்கவில்லை, எங்கே இருக்கும்போது நெற்றி வலிக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அடுத்த ஆளை உள்ளே விடும் அவசரம்.

மேசையில் லாசர் மாதிரி ஒரு நோயாளியை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. மூக்கை அடைத்ததும் எல்லோரும் பதறுவார்கள், கையைத் தட்டிவிடுவார்கள், அம்மாவைக் கூப்பிடுவார்கள். இவர் மணலில் படுத்திருப்பவர் மாதிரி கிடந்தார். சீஃப் உளியை வைத்துச் சுத்தியலால் தட்ட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். விரலில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளக்கும் கருவி கத்தத் தொடங்கியது. பார்த்தால் நெஞ்சு அசையவே இல்லை.

“ஆள் மூச்சு விடலை!” என்று சீஃப் கத்தினார்.

நான் கன்னத்தில் ஓங்கித் தட்டினேன். “ஏலே, மூச்ச விடு!”

லாசர் சாவகாசமாகக் கண்ணைத் திறந்தார். “விடணுமா சிஸ்டர்? அடிக்கும்போது அசையக் கூடாதுன்னு புடிச்சு வச்சிருந்தேன். இன்னுங் கொஞ்சம் தாங்கும், நீங்க முடிச்சுக்கிடுங்க.”

“பேசாதே” என்றார் சீஃப். மறுபடி சுத்தியல்.

நினைத்த மாத்திரத்தில் இரண்டு நிமிடம் மூச்சை அடக்குகிற ஒருவர், இந்தக் கடற்கரையில் என்ன வேலை பார்ப்பார் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. தியேட்டரில் ஐந்து பேர் இருந்தோம். ஐந்து பேரும் ஒரு நிமிடம் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தோம்.

இரண்டு நாள் கழித்துப் பேக்கை எடுத்தோம். ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. சீஃப் ரவுண்ட்ஸில் வந்து, “ஒரு மாசம் கனமா ஒண்ணும் தூக்கக் கூடாது” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். மிச்சத்தை நான் சொன்னேன். ஸ்டேஷனில் ரயில் அறிவிப்பது மாதிரி எனக்கு அது மனப்பாடம். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மணும். தலையைக் குனியக் கூடாது. சூடாகச் சாப்பிடக் கூடாது. லாசர் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டு கேட்டார். அவ்வளவு கவனமாக யாரும் கேட்பதில்லை. எல்லாம் முடிந்த பிறகு அவர் கேட்டார்.

“எப்பம் குளிக்கலாம் சிஸ்டர்?”

எல்லோரும் கேட்கிற கேள்விதான். அடுத்த கேள்வி எப்போது மீன் சாப்பிடலாம் என்பதாக இருக்கும்.

“நாளைக்கழிச்சுக் குளிங்க. சுடுதண்ணி மட்டும் கூடாது, ரத்தம் வந்துரும். பச்சத்தண்ணியிலதான் குளிக்கணும்.”

“நமக்கு என்னைக்கும் பச்சத்தண்ணிதானே” என்று சிரித்தார்.

“தலை குனியாமப் பாத்துக்கிடணும்.”

“அது நான் பாத்துக்கிடுதேன்.”

வீட்டுக்குப் போன ஒன்பதாம் நாள் அவரை அவர் மனைவி ஜெசிந்தா ஆட்டோவில் கொண்டு வந்தாள். காய்ச்சல் கொதிக்கிறது. மூக்கு நுனி சிவந்து மினுமினுக்கிறது. உள்ளே பார்த்தால் இரண்டு துளையையும் அடைத்துக்கொண்டு நாவல்பழ நிறத்தில் வீக்கம். சீஃப் உடனே கீறினார். கட்டி ரத்தமும் சீழும் வந்தன. கருவியின் நுனியால் தண்டைத் தொட்டுப் பார்த்தார். பஞ்சு மாதிரி அமுங்கியது. அவர் முகம் கறுத்துப்போனது. அவர் கை செய்த நல்ல வேலை ஒன்று அங்கே கரைந்துகொண்டிருந்தது. அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது.

“எங்கடா போனே?” என்றார். அந்த ஆளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

“குளிக்கப் போனேன் டாக்டர்.”

“குளிச்சா இப்படி ஆவுமா? எங்க குளிச்ச?”

“எட்டுப் பாகத்துல.”

சீஃபுக்கு விளங்கவில்லை. ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். கடலின் ஆழத்தை இங்கே அப்படித்தான் அளப்பார்கள்.

“கடல்லயா?”

“சங்குக்குத்தான் டாக்டர். நான் குளியாளி. சங்கு எடுக்குறவன்.”

சீஃப் வெடித்தார். ஆபரேஷன் செய்த ஆறாம் நாள் கடலுக்குள் மூழ்கியிருக்கிறான், சொன்ன பேச்சைக் கேட்காத பயல், இவனுக்கெல்லாம் வைத்தியம் ஒரு கேடா என்று வராந்தா வரைக்கும் கேட்கும்படி கத்தினார். ஜெசிந்தா கதவடியில் நின்று அத்தனையையும் கேட்டாள். சீஃப் முடித்ததும் அவள் தொடங்கினாள். “ஏ மனுசா, உமக்கு அறிவு இருக்கா? படிச்சவிய சொன்னதக் கேட்டா கொறஞ்சா போயிருவீரு?” லாசர் தலையைக் குனியாமல் நேராக உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

கேஸ் ஷீட்டில் சீஃப் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். நோயாளி மருத்துவ அறிவுரையை மீறிக் கடலில் மூழ்கியதால் இந்த நிலை ஏற்பட்டது என்று அதற்கு அர்த்தம். அறிவுரை சொன்ன செவிலியர் என்ற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். எனக்கும் அந்த ஆள் மேல் எரிச்சல்தான்.

மறுநாள் காலை கட்டு மாற்றும்போது கேட்டேன். “ஏன் லாசர், அவ்வளவு சொல்லி அனுப்புனேனே. இப்படிப் பண்ணலாமா?”

“தப்புத்தான் சிஸ்டர். ஆனா நீங்க சொன்னதுல ஒண்ணையும் நான் விடல. நாளைக்கழிச்சுக் குளிங்கன்னிய. நான் அதுக்கும் மேல ரெண்டு நாள் தள்ளித்தான் போனேன். தலை குனியாதீங்கன்னிய. நாங்க எப்பவும் தலைகீழாத்தான் இறங்குவோம். அன்னைக்கு இடுப்புல ஈயத்தக் கூட்டிக் கட்டிக்கிட்டு, காலக் கீழ விட்டு நட்டமா இறங்குனேன். படகுல உள்ளவன்லாம் கல்யாண மாப்பிள்ளை இறங்குதாருன்னு சிரிச்சான். மூக்கச் சிந்தாதீங்கன்னிய, சிந்தல. மூக்கப் புடிச்சுக்கிட்டு உள்ளுக்குள்ளதான் ஊதுனேன், அப்படி ஊதுனாத்தான் காது திறக்கும். அப்பம்தான் உள்ள என்னமோ பிரிஞ்ச மாதிரி இருந்துச்சு.”

இடுக்கியைத் தட்டில் வைத்தேன்.

“நான் சொன்னது வீட்டுல தண்ணி ஊத்திக் குளிக்கிறத, லாசர்.”

அவர் என்னைப் பார்த்தார். “அதுக்கா சிஸ்டர் நான் ஒங்ககிட்ட வந்து கேப்பேன்?” என்றார். பிறகு சிரித்தார். மூக்குக் கட்டின் மேல் ரத்தம் கசிந்தது. “சரி விடுங்க. நான்தான் வெளங்காமக் கேட்டுட்டேன்.”

எங்கள் உடன்குடிப் பக்கம் குளிப்பது என்றால் கிணற்றடியில் வாளியால் ஊற்றிக்கொள்வது. அவருக்குக் குளிப்பது என்றால் தொழில். இந்த ஊருக்கே பெயர் வாங்கிக் கொடுத்த சொல் அது. முத்துக்குளித்தல் என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதி மார்க் வாங்கியவள் நான். இத்தனை வருடம் அந்த ஊர்ச் சோற்றைத் தின்றும், அந்தச் சொல்லைச் சொந்தக்காரரே என் முன்னால் வந்து சொன்னபோது, எனக்குக் காதில் விழுந்தது வாளிச் சத்தம்தான்.

நேராக சீஃபின் அறைக்குப் போனேன்.

“சார், அவர் மீறல. நான் சொன்னபடிதான் செஞ்சிருக்கார். அந்த வரிய மாத்தணும்.”

“நீங்க கடல்ல குதிக்கச் சொன்னீங்களா சிஸ்டர்?”

“குளிக்கச் சொன்னேன். அவங்களுக்கு அதான் குளிக்கிறது.”

“குளிக்கிறதுன்னா குளிக்கிறதுதான். அவன் வேற மாதிரி எடுத்துக்கிட்டா அவன் பாடு.”

“சங்கு எடுக்குறவர்னு தெரிஞ்சிருந்தா மூணு மாசம் தண்ணிப் பக்கமே போகாதன்னு சொல்லியிருப்போம். சீட்டுல கூலின்னு இருக்கு. நம்ம யாருமே கேக்கலையே சார்.”

“ஒரு மூக்கப் பாக்குறதுக்கு ஜாதகமெல்லாம் பாக்கணுமா?”

ஒரு வரிக்கு ஏன் இவ்வளவு என்று இதைப் படிப்பவர்கள் கேட்கலாம். சொல்கிறேன். கரைந்த தண்டைத் திரும்பக் கட்ட இன்னொரு ஆபரேஷன் வேண்டும். காதிலிருந்து குருத்தெலும்பை எடுத்து மூக்குக்குள் வைக்க வேண்டும். அதை அப்போது எங்களிடம் செய்வதில்லை, வெளியூருக்கு எழுதி அனுப்ப வேண்டும். எழுதித் தர முடியாது என்று சீஃப் சொல்லிவிட்டார். சொல்பேச்சு கேட்காதவன் அங்கேயும் போய் மானத்தை வாங்குவான் என்றார். சீஃப் மாறிப்போய் வேறு யாராவது எழுதிக் கொடுத்தாலும், அறிவுரையை மீறியவர் என்று ஷீட்டில் இருக்கிற ஆளைக் கடைசி ஆளாகத்தான் கூப்பிடுவார்கள். அந்த ஆபரேஷன் இல்லாவிட்டால் லாசருக்கு மூச்சு வழி அடைந்துபோகும், காது திறக்காது, கடலுக்குள் இறங்க முடியாது. வேறு தொழில் அவருக்குத் தெரியாது. அந்த ஒரு வரி அவருடைய தொழில்.

சீஃப் மாற்ற மாட்டார் என்று தெரிந்தது. கேஸ் ஷீட்டை எடுத்து, என் கையெழுத்துக்குக் கீழே தமிழிலேயே எழுதினேன். ‘நோயாளி எப்போது குளிக்கலாம் என்று கேட்டார். அவர் சங்கு குளிப்பவர் என்று எங்களில் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. நாளைக்கழித்துக் குளிக்கலாம் என்று சொன்னது நான்தான். அவர் எதையும் மீறவில்லை.’ தேதி போட்டு மறுபடி கையெழுத்துப் போட்டேன். ஜெராக்ஸ் ஒன்று எடுத்து லாசர் கையில் கொடுத்து, தொலைத்துவிடாதே என்றேன்.

மறுநாள் மெமோ வந்தது. அதற்கு மறுநாள் என்னை ஊசி போடும் அறைக்கு மாற்றினார்கள். பதினோரு மாதம் அங்கே இருந்துவிட்டுத்தான் தியேட்டருக்குத் திரும்பினேன். தயவுசெய்து இதைத் துணிச்சல் என்று மலரில் தலைப்புப் போட்டுவிடாதீர்கள். முதல் நாள் கையெழுத்துப் போட்டதும் இதே கைதான்.

சீஃப் பதவி உயர்வில் வேறு ஊருக்குப் போனார். அடுத்து வந்தவர் ஷீட்டைப் புரட்டிப் பார்த்து, நான் எழுதியதைப் படித்து, வெளியூருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். வெளியூர் டாக்டர் லாசரை உட்காரவைத்து, என்ன தொழில், எவ்வளவு ஆழம், எந்த ஆழத்தில் காது வலிக்கிறது என்று கேட்டாராம். “அரை மணி நேரம் பேசுனாரு சிஸ்டர், மூக்கத் தொடவே இல்ல” என்று லாசர் வந்து ஆச்சரியமாகச் சொன்னார். ஆபரேஷன் நடந்தது. மூச்சு வழி திறந்தது. மூக்கு நடுவில் லேசான பள்ளம் தங்கிவிட்டது. ஆறு பாகம் வரைக்கும் காது திறக்கும், அதற்குக் கீழே திறக்காது. நல்ல சங்கு கிடக்கிற இடமெல்லாம் அதற்குக் கீழேதான்.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். தொழிலுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள், அதில் தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். போன வருடம் என் முழங்கால் வலிக்குப் போனபோது எட்டிப் பார்த்தேன். சங்கு குளிப்பவர் அதில் இல்லை. ‘இதர’ என்று ஒன்று இருக்கிறது, அதைத் தொடுகிறார்கள். கூலி இதரவாக முன்னேறியிருக்கிறது. வீட்டுக்குப் போகிறவருக்கு அறிவுரையை வழவழத் தாளில் அச்சடித்தும் கொடுக்கிறார்கள். தாளிடம் யாரும் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. அது எல்லோருக்கும் வசதி.

சில மாதம் முன்னால் மீன் வாங்கத் திரேஸ்புரம் போனேன். ஜெசிந்தா அங்கே மீன் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் லாசர், தலை நரைத்து, பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

“ஏ மனுசா, எழும்பும். சிஸ்டர் வாராவ” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “இவிய பேச்சக் கேட்டிருந்தா இன்னைக்கும் எட்டுப் பாகம் பத்துப் பாகம்னு போயிருப்பாரு. கேக்கலையே. அந்தப் பெரிய டாக்டர் அன்னைக்கு என்ன ஏச்சு ஏசுனாரு! ஏசத்தானே செய்வாரு” என்றாள்.

லாசர் வேறு எங்கோ பார்த்தார்.

“நீங்க சொல்லலையா லாசர்?” என்றேன்.

“என்னத்தச் சொல்ல சிஸ்டர். ஏசுனா ஏசிட்டுப் போறா.”

அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கேஸ் ஷீட்டில் எழுதினேன், மெமோவுக்குப் பதில் எழுதினேன். இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல மட்டும் பன்னிரண்டு வருடமாக எனக்கு வாய் வரவில்லை. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், பச்சத்தண்ணி, எல்லாம். அவள் அரிவாளைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

“அப்பம் இவரு நீங்க சொன்னதத்தான் செஞ்சாரா?”

“ஆமா.”

“காலக் கீழ விட்டு இறங்குனாருன்னு ஊரே சிரிச்சுச்சே, அது?”

“தலை குனியாதன்னு நான் சொன்னதுக்குத்தான்.”

“பன்னெண்டு வருசமா ஏசுதேனே இந்த மனுசன! சோத்தப் போட்டு ஏசுனேன், சோறு போடாம ஏசுனேன். கோயிலுக்குப் போற வழியெல்லாம் ஏசுனேன். அவ்வளவு ஏச்சையும் இப்பம் நான் எங்கன கொண்டு போயிப் போட?”

“என்கிட்டப் போடு” என்றேன்.

போட்டாள். இரண்டாவது வாக்கியத்திலேயே சிஸ்டர் என்பது போய்விட்டது. பக்கத்துக் கடைக்காரிகள் வேலையை நிறுத்திவிட்டார்கள். “ஏளா, போதும்ளா” என்று லாசர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். இத்தனை நாள் வாயைத் திறக்காததற்கு அவருக்கும் கிடைத்தது. எனக்குக் கிடைத்ததில் பாதி சீஃபுக்குச் சேர வேண்டியது, கொஞ்சம் அந்தச் சீட்டுக் கிளார்க்குக்கு. அவர்கள் யாரும் அங்கே இல்லை. நான் மீன் பையைத் தரையில் வைத்துவிட்டு, அவள் முடிக்கிற வரைக்கும் நின்றேன்.